கைகள் மட்டும் வந்திருந்தன

உள்விசாரணை, மூன்றாம் அமர்வு. வந்திருந்தோர்:

1. திரு. வே. திருவேங்கடம், வழக்கறிஞர் – விசாரணை அதிகாரி
2. திரு. ஹரிகிருஷ்ணன், மனிதவள மேலாளர் – நிர்வாகத்தின் சார்பில்
3. திரு. பட்டீஸ்வரன், ஃபோர்மேன், வார்ப்புப் பிரிவு – நிர்வாகத் தரப்புச் சாட்சி
4. திரு. மாசிலாமணி, கிரேன் இயக்குபவர், வார்ப்புப் பிரிவு – குற்றம் சாட்டப்பட்டவர், காது கேளாதவர்
5. செல்வி ச. நித்திலா – பதிவுபெற்ற சைகைமொழிபெயர்ப்பாளர்

இந்தப் பட்டியலின் ஐந்தாவது வரி முழு உண்மை இல்லை. அன்று காலை அந்த அறைக்கு வந்திருந்தவை நித்திலாவின் கைகள் மட்டும்தான். மீதி உடம்பும் நாற்காலியில் இருந்தது. ஆனால் அது பி.காம். இரண்டாம் ஆண்டுப் புள்ளியியல் படித்துக்கொண்டிருந்தது.

சைகை உறை என்று ஒன்று வந்து ஒன்றரை வருடம் ஆகிறது. விரல் நுனியிலிருந்து தோள்பட்டை வரை ஏறும் சாம்பல் நிறத் துணி. அறையில் யார் பேசினாலும் கேட்டுக்கொள்ளும். போட்டிருப்பவரின் தசைகளுக்கு லேசாக மின்சாரம் கொடுத்து, கேட்டதையெல்லாம் அவர் கைகளாலேயே சைகைமொழியில் சொல்லவைக்கும். சைகைமொழியில் பாதி முகத்தில் இருக்கிறது என்பதால் புருவத்தின் மேல் இரண்டு, கன்னத்தில் இரண்டு என்று நான்கு பட்டைகள் ஒட்டிக்கொள்ள வேண்டும். காது கேளாதவர் பதிலுக்குச் சைகை செய்தால் கழுத்துப்பட்டையிலுள்ள சின்ன ஒலிபெருக்கி அதை நித்திலாவின் குரலில் தமிழாகச் சொல்லிவிடும்.

அப்புறம் நித்திலா எதற்கு? சட்டத்துக்கு. விசாரணை என்று நடந்தால் உறுதிமொழி எடுத்த மனிதர் ஒருவர் உட்கார்ந்திருக்க வேண்டும் என்று விதி இருக்கிறது. தப்பு நடந்தால் துணியைப் பிடித்து உள்ளே போட முடியாதே.

இந்த ஏற்பாடு நித்திலாவுக்குப் பிடித்திருந்தது. காலையில் தண்ணீர் பிடித்து, சமைத்து, எட்டு மணிக்கு ஆஸ்பத்திரி வெளிநோயாளிகள் பிரிவு, பத்து மணிக்கு ஏதாவது ஒரு விசாரணை, மதியம் வங்கியோ வட்டாட்சியர் அலுவலகமோ, ஐந்தரைக்கு மாலைக் கல்லூரி. உறைக்கு முன்னால் இதில் ஏதாவது ஒன்று எப்போதும் கையை விட்டுப் போய்க்கொண்டிருந்தது. பெரும்பாலும் கல்லூரி. மூன்று வருடப் படிப்பில் இது ஐந்தாவது வருடம். உறை வந்தபின் கைகளை வேலைக்கு அனுப்பிவிட்டு அவள் படிக்கலானாள். மூக்குக்கண்ணாடியின் உள்பக்கம் பாடம் ஓடும். ஆறு அரியரில் ஐந்தை அப்படித்தான் முடித்தாள். ஒன்றை நில அபகரிப்பு வழக்கிலும் இரண்டை ஒரு விவாகரத்திலும் படித்தாள்.

மிச்சம் புள்ளியியல். அதற்குத் தேர்வு அன்றைக்கே, மதியம் இரண்டரைக்கு. பாடத்திட்டம் மாறுவதால் பழைய தாளுக்கு அதுதான் கடைசித் தேர்வு. தவறினால் பட்டம் கிடையாது. வேண்டுமானால் முதல் வருடத்திலிருந்து திரும்பச் சேரலாம்.

ஆகவே அவள் கண்ணாடிக்குள் திட்டவிலக்கம் ஓடிக்கொண்டிருந்தது. எதிரே பட்டீஸ்வரன் எழுந்து நின்று கத்திக்கொண்டிருந்தார். பக்கத்து வீட்டு டிவியைக் கேட்பதுபோல அது அவள் காதில் விழுந்தது. கைகள் ஏறி இறங்கின, புருவம் தானாகத் தூக்கியது. சராசரியைக் கழி, வர்க்கப்படுத்து, கூட்டு.

மாசிலாமணி தலையை ஆட்டி, பட்டீஸ்வரனைப் பார்த்து நெஞ்சில் கைவைத்துச் சிரித்தார். பிறகு, அன்று நடந்ததைச் சொல்லச் சொன்னதும், நாற்காலியை உதைத்துத் தள்ளி எழுந்து, காற்றைக் குத்திக் கிழிப்பதுபோல ஐந்து நிமிடம் சைகை செய்தார். பட்டீஸ்வரனின் கண் கலங்கியது. கைக்குட்டை எடுத்துத் துடைத்துக்கொண்டார்.

நித்திலா வகுத்து, வர்க்கமூலம் எடுத்தாள்.

"முப்பத்தோரு வருஷமா என்கொயரி நடத்தறேன்," என்றார் திருவேங்கடம், பேனாவை மூடி. "சார்ஜ் ஷீட்டைத் தூக்கி மூஞ்சில அடிச்சிருக்காங்க. ஒருத்தன் என் செருப்பை எடுத்துட்டுப் போயிருக்கான். இப்படி ஒரு மரியாதையான என்கொயரியை நான் பார்த்ததே இல்லை. சாப்பிட்டு வாங்க. ரெண்டு மணிக்கு மாசிலாமணி கையெழுத்துப் போட்டா முடிஞ்சது."

*

வழக்கு சின்னதுதான். நகரத்துக்கு வெளியே பம்ப்செட்டுக்கு வார்ப்பு ஊற்றும் பவுண்டரி அது. உருகிய இரும்பை லேடில் என்ற பெரிய தொட்டியில் நிரப்பி, கிரேன் கொக்கியில் மாட்டி, அச்சுகளுக்கு மேல் கொண்டுபோவார்கள். போன மாதம் ஒரு நாள் லேடில் பாதி வழி போனபோது மாசிலாமணி சிவப்பு பட்டனை அமுக்கி கிரேனை நிறுத்திவிட்டார். இரும்பு லேடிலுக்குள்ளேயே உறைந்து கட்டியாயிற்று. மூன்று நாள் உற்பத்தி போயிற்று. வேண்டுமென்றே செய்தார் என்று குற்றச்சாட்டு. நிரூபணமானால் வேலைநீக்கம். அவருக்கு அங்கே பத்தொன்பது வருட சர்வீஸ்.

கேன்டீனில் எலுமிச்சைச் சாதத்தைப் பிரித்துவைத்துக்கொண்டு, கையெழுத்துக்காகக் கொடுத்திருந்த பதிவை நித்திலா புரட்டினாள். எழுத்துப்பிழை பார்ப்பது அவள் வேலையில் சேர்ந்தது. நான்காம் பக்கத்தில் கை நின்றது.

'கொக்கியைப் பற்றி எனக்கு ஒரு சிறிய சந்தேகம் இருந்தது. ஃபோர்மேன் அண்ணன் வேலைப்பளுவில் இருந்ததால் தொந்தரவு செய்ய விரும்பவில்லை. அவசரப்பட்டது என் தவறுதான். அவர் எனக்கு உடன்பிறந்தவர் மாதிரி. மன்னிக்க வேண்டுகிறேன்.'

எதிரே மாசிலாமணி ஊறுகாயை நக்கிக்கொண்டிருந்தார். நாற்பத்தாறு வயது. கேன்டீன்காரர் குழம்பைக் குறைத்து ஊற்றினால் தட்டைத் திருப்பிவைத்துவிட்டுப் போகிற ஆள். இவர் மன்னிக்க வேண்டினாரா?

நித்திலா உறையை அணைத்துவிட்டுத் தன் கையால் கேட்டாள். "அண்ணா, காலைல கொக்கியப் பத்தி என்ன சொன்னீங்க?"

அவர் விரலைத் துடைத்துக்கொண்டு சொன்னார். கையால் சொன்னதைப் பேச்சாக எழுதினால் இப்படி வரும்: "கொக்கி விட்டிருக்கு, கழுத்துல விரிசல்னு ஃபோர்மேன்கிட்ட மூணு நாள் மூணு சீட்டு எழுதிக் கொடுத்தேன். இந்தத் தடிமாடு அதுல வெத்தல மடிச்சுத் தின்னான். அன்னிக்கு லேடில் தூக்கறப்ப விரிசல் வாயைத் தொறக்குது. கீழ நாலு பேர் நிக்கறாங்க. நிறுத்தினேன். நாளைக்கும் நிறுத்துவேன். அந்தக் கொக்கியில இவனைத் தொங்கவிட்டா எத்தனை நேரம் தாங்கும்னு எழுதிக்கோங்கன்னு சொன்னேன்." குழம்பைப் பிசைந்தார். "கேட்டுட்டு அழுதான் பாத்தியா? மனுஷன்தான், உணர்ந்துட்டான். நானும் கொஞ்சம் அதிகமாப் பேசிட்டேன்."

"அவர் உங்களை என்ன சொன்னாரு?"

"உன் கைதான சொல்லுச்சு. உனக்குத் தெரியாதா?" நித்திலாவை அழைக்க அவர் வைத்திருந்த பெயர், மூக்கின் மேல் கண்ணாடியை ஏற்றிவிடுவதுபோல ஒரு விரல். அதைச் செய்து, புருவத்தைச் சுருக்கினார். "மாசிலாமணி பத்தொன்பது வருஷம் என்னோட இருக்கான், அவனுக்குச் சொல்லிக் கொடுத்ததுல என் தொண்டை கொஞ்சம் கெட்டுப்போச்சு, பரவாயில்லைன்னான்."

பக்கத்து வீட்டு டிவிபோல காதில் விழுந்தது இப்போது ஒவ்வொன்றாக ஞாபகத்துக்கு வந்தது. பரவாயில்லை என்ற சொல் அதில் எங்கும் இல்லை.

"மூஞ்சியப் பாத்தா உங்களுக்கு சந்தேகம் வரலையா அண்ணா? அவர் கத்திட்டு இருந்தாரே."

"பவுண்டரில யாரு மூஞ்சி கத்தாம இருக்கு?" என்றார் மாசிலாமணி.

*

உறைக் கம்பெனியின் உதவி எண்ணில் சுதர்சன் என்றொருவர் எடுத்தார். அவசரமே படாத குரல்.

"மேடம், நீங்க சொல்றது பிழை இல்ல. அதுதான் உங்க மாடலோட ஸ்பெஷாலிட்டி."

"எது? பொய் சொல்றதா?"

"பொய்னு சொல்லக்கூடாது மேடம். இணக்கம்னு பேரு வச்சிருக்கோம். உறை உங்ககிட்டதான கத்துக்குச்சு? அறுநூறு மணி நேரம் பதிவு கொடுத்தீங்க இல்ல, அதுல பாருங்க, ஒருத்தர் கோபமாப் பேசினா நீங்க தணிச்சு சொல்றீங்க. பதிலும் கோபமா இருந்தா, இன்னும் நல்லாத் தணிக்கிறீங்க. தொண்ணூத்தாறு சதவீதம். இதுதான் மொழிபெயர்ப்புன்னு அது எடுத்துக்கிச்சு. அந்தப் பதிவெல்லாம் எங்க எடுத்தீங்க?"

எங்கே எடுத்தாள் என்று நித்திலாவுக்கு நன்றாகத் தெரியும். பயிற்சி மையத்துக்குப் போய் அறுநூறு மணி நேரம் உட்கார யாரிடம் நேரம் இருந்தது? உறையை மாட்டிக்கொண்டு வீட்டிலேயே இருந்தாள். அவள் அம்மா சரசுவுக்குக் காது கேட்காது. அவர்கள் வாடகைக்கு இருக்கும் வீட்டின் சொந்தக்காரர் அங்கமுத்து மாமாவுக்கு வாய் நிற்காது. ஏழு வயதிலிருந்து இரண்டு பேருக்கும் நடுவில் நிற்பது நித்திலாதான்.

மாமா வாசலில் நின்று, "குழாயத் தொறந்துபோட்டுட்டுத் தூங்குதே அந்த மூதேவி, டேங்கு உங்கொப்பனா ரொப்புவான்?" என்பார். தண்ணீர் ஒழுங்காக வருகிறதா என்று மாமா கேட்பதாக நித்திலா அம்மாவிடம் சொல்வாள். அந்த டேங்கில் எலி செத்து மிதக்கிறது, அதை முதலில் எடுக்கச் சொல் என்பாள் அம்மா. "ரொம்ப நல்லா வருதாம், அம்மா தேங்க்ஸ் சொன்னாங்க மாமா," என்று நித்திலா மாமாவிடம் சொல்வாள். இப்படிப் பதினாறு வருடம். இரண்டு பேரும் ஒருவரையொருவர் தங்கமான மனிதர் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். காது கேளாதவர் வீட்டுப் பிள்ளைகள் எல்லாருமே செய்கிற வேலைதான். செய்யாவிட்டால் எந்த ஊரிலும் வாடகைக்கு வீடு நிற்காது. எலியைப் பிறகு நித்திலாவே போய் எடுத்தாள்.

"உறையைச் சரியா சொல்லவைக்க முடியுமா? இப்பவே?"

"நாற்பத்தெட்டு மணி நேரம் ஆகும் மேடம். ஆனா எதுக்கு? வாடிக்கையாளர் மதிப்பீடு அஞ்சுக்கு நாலு புள்ளி ஒன்பது. உங்க மாடல் இப்ப பதினாலு ஊர்ல மத்தவங்க கையிலயும் ஓடுது. சொல்லலையா உங்களுக்கு? ஒப்பந்தம் பதினேழாம் பக்கத்துல இருக்கு. குடும்ப நல வழக்குகள்ல மட்டும் முப்பத்தேழு தம்பதி சேர்ந்துட்டாங்க."

"ஒருத்தர் சொன்னது இன்னொருத்தருக்குத் தெரியாமயே?"

"அதனாலதான் மேடம் சேர்ந்தாங்க," என்றார் சுதர்சன்.

*

ஒன்று இருபத்தைந்து. மாடிப்படியில் திருவேங்கடம் கொய்யாப்பழம் நறுக்கிக்கொண்டிருந்தார். சர்க்கரைக்காரர். நித்திலாவைப் பார்த்ததும் ஒரு துண்டு நீட்டினார்.

"முடிவைச் சொல்லக்கூடாது. ஆனாலும் சொல்றேன், உங்க முகம் ஏன் இப்படி இருக்குன்னு தெரியலை. ஹரிகிருஷ்ணன் வேலைநீக்கம்தான் கேட்டார். ஆனா ஆள் இவ்வளவு தன்மையா மன்னிப்புக் கேட்டப்புறம் எப்படி எழுதறது? பட்டீஸ்வரனே வந்து, சார், போனாப் போகட்டும், தம்பி மாதிரின்னுட்டார். எச்சரிக்கைக் கடிதத்தோட முடிக்கலாம்னு இருக்கேன். கொக்கி சமாச்சாரம் அவரே அழுத்திச் சொல்லலை, அதனால அதை விட்டுட்டேன்."

"கொக்கிய மாத்திட்டாங்களா சார்?"

"எதுக்கு மாத்தணும்? சின்ன சந்தேகம்னுதான சொன்னாரு."

கொய்யா துவர்த்தது. நித்திலா கணக்குப் போட்டாள். பேசாமல் இருந்தால் மாசிலாமணி வேலை தப்பிக்கிறது. அவள் தேர்வு தப்பிக்கிறது. பட்டீஸ்வரனுக்கு ஒரு தம்பி கிடைக்கிறான். எல்லாருக்கும் லாபம். கீழே நிற்கிற நாலு பேருக்கு மட்டும் இதில் எந்தப் பேச்சும் இல்லை. வாயைத் திறந்தால் மாசிலாமணியின் வேலை அந்தரத்தில் தொங்கும், அவள் பதிவு ரத்தாகலாம், புள்ளியியல் நிச்சயம் போகும்.

ஏழு வயதுப் பிள்ளை என்றால் பேசாமல் இருந்திருக்கும். நித்திலா படியிறங்கி வந்தபோது அப்படித்தான் இருப்பதாக முடிவு செய்திருந்தாள். கைப்பையில் ஹால்டிக்கெட் இருக்கிறதா என்றுகூடப் பார்த்துக்கொண்டாள்.

கேன்டீன் வாசலில் மாசிலாமணி நின்றிருந்தார். கையில் ஒரு சீப்பு பூவன்பழம்.

"இது யாருக்கு?"

"அவனுக்குத்தான். பட்டீஸ்வரனுக்கு. பொண்ணுக்கு அடுத்த மாசம் காதுகுத்து, அவனைக் கூப்பிடலாம்னு இருக்கேன். பத்தொன்பது வருஷத்துல நாங்க ரெண்டு பேரும் பேசினதே இந்த மூணு நாள்தான். அதுக்கு முன்னாடி சீட்டு, விரல் காட்டறது, தோள்ல அடிக்கறது. இப்பத்தான் தெரியுது, நல்ல மாதிரியான ஆளு."

நித்திலா பூவன்பழத்தைப் பார்த்தாள். பேசாமல் இருக்கும் முடிவு அதோடு முடிந்தது.

சொல்லிவிட்டாள். அம்மா, அங்கமுத்து மாமா, எலி, அறுநூறு மணி நேரம், எல்லாவற்றையும். அவர் குறுக்கே பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தார். முடிந்ததும் பழச்சீப்பைச் சுவர்மேல் வைத்தார்.

"உன் கை உள்ள ஒரு மாதிரி, வெளிய ஒரு மாதிரி இருக்குன்னு நினைச்சேன். சம்பள வேலைன்னா அப்படித்தான் இருக்கும்போலன்னு விட்டுட்டேன்." பிறகு, "அவன் என்ன சொன்னான்?"

"வேண்டாம் அண்ணா."

"சொல்லு."

உறையின் நினைவில் காலை அமர்வின் ஒலி இருந்தது. நித்திலா உறையைக் கழற்றி இடுக்கிக்கொண்டு, காதில் அதை ஓடவிட்டு, வெறும் கையால் சொல்லத் தொடங்கினாள். ஒரு வருடத்துக்கு மேலாக அமர்வு எதிலும் அவள் கைகளைத் தானே அசைத்து வேலை செய்ததில்லை. விரல்கள் வேறு யாருடையவோ போல மெதுவாக மடங்கின. மணிக்கட்டு சுளுக்கியது. இரண்டு இடத்தில் நிறுத்தித் திரும்பவும் சொல்ல வேண்டியிருந்தது.

இந்த எருமைக்குச் சொல்லிக் கொடுத்தே என் தொண்டை போச்சுங்க. காதுதான் கேக்காதுன்னா மண்டையிலயும் ஒண்ணுமில்லைங்க. வாயில்லாத ஜென்மத்துக்கு இத்தனை திமிர் ஆகாதுங்க. இவன் எழுதிக் குடுக்கற சீட்டையெல்லாம் படிச்சிட்டிருந்தா நான் எப்பங்க இரும்பு ஊத்தறது?

மாசிலாமணி கண்கொட்டாமல் பார்த்தார். கடைசி வரியில் கையைத் தூக்கி நிறுத்தினார்.

"அதைத் திரும்பச் சொல்லு. சீட்டை."

சொன்னாள்.

"அப்ப சீட்டைப் பார்த்திருக்கான்! ஒத்துக்கிட்டான்! அதை உன் துணி எப்படிச் சொல்லுச்சு?"

நித்திலா உறையின் சைகைக் குறிப்பைப் புரட்டிப் பார்த்தாள். "வேலைப்பளு அதிகம்."

அவர் சிரித்தார். சத்தம் வெளியே வரும் சிரிப்பு. கேன்டீனில் இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். சிரித்து முடித்ததும் முகம் வேறாக இருந்தது.

"என் நாப்பத்தாறு வயசுல என்னை யாரும் முழுசாத் திட்டினதில்லை, தெரியுமா? திட்டுவாங்க. பக்கத்துல இருக்கறவன் ஒண்ணுமில்லைன்னு கைய ஆட்டுவான். சின்ன வயசுல எங்கண்ணன். அப்புறம் என் பொண்டாட்டி. இப்ப நீ. அந்தத் திட்டு எனக்கு வந்தது. நடுவுல நீங்க எடுத்துக்கிட்டீங்க. நான் சொன்னதையும் எடுத்துக்கிட்டீங்க."

"சொல்லாம இருந்தா உங்க வேலை நிக்கும் அண்ணா. அவர் எச்சரிக்கைக் கடிதத்தோட விடறேன்னு சொல்லியிருக்காரு. திரும்பத் தொறந்தா வேலை போனாலும் போகும். இதையும் மாத்தாமதான் சொல்றேன்."

"கொக்கி?"

"அப்படியேதான் இருக்கு."

"அந்தக் கிரேனைத் திரும்ப எடுத்து திங்கக்கிழமை ஊத்தறாங்க." அவர் சுவரிலிருந்து சீப்பை எடுத்து, ஒரு பழத்தைப் பிய்த்து உரித்து, தானே தின்றார். இன்னொன்றை அவளிடம் கொடுத்தார். "உனக்கு ரெண்டரைக்கு ஏதோ பரீட்சைன்ன?"

"ஆமா."

"கஷ்டமா?"

"திட்டவிலக்கம் தெரியும். மிச்சம் தெரியாது."

"தின்னுட்டு வா," என்றார் மாசிலாமணி.

*

"பொய்யாக மொழிபெயர்க்கப்பட்டது என்று எழுதவா?" திருவேங்கடம் பேனாவைத் திறந்துவிட்டுக் கேட்டார்.

"எழுதுங்க சார்."

"உங்க பதிவு ரத்தாகும்மா."

"தெரியுங்க."

ஹரிகிருஷ்ணன் எழுந்தார். "சார், இது டெக்னிக்கல் பிரச்சினை. கருவி விஷயம். முடிஞ்ச என்கொயரியத் திரும்பத் தொறக்கத் தேவையே இல்லை. எல்லாரும் சந்தோஷமா இருக்காங்க. மாசிலாமணியைக் கேளுங்க, சந்தோஷமாத்தான இருக்கார்?"

நித்திலா அதைச் சொன்னாள். மாசிலாமணி பதில் சொன்னார். மொழிபெயர்ப்பாளர் பேசும்போது நான் என்றுதான் பேசவேண்டும், அவர் என்று சொல்லக்கூடாது. நித்திலா எழுந்து நின்று, தன் வாயால், தன் குரலில், மனிதவள மேலாளரைப் பார்த்து அதைச் சொன்னாள்.

"நான் சந்தோஷமா இருக்கறது இருக்கட்டும், நீ மொதல்ல உக்காருடா கோமாளி."

ஹரிகிருஷ்ணன் உட்கார்ந்தார். அது அவருக்கே தெரியாமல் நடந்துவிட்டது.

திருவேங்கடத்தின் முகத்தில் ஒரு களை வந்திருந்தது. முப்பத்தோரு வருடமாகப் பழகிய இடத்துக்குத் திரும்பி வந்தவரின் களை. புதுக் காகிதக் கட்டு ஒன்றைப் பிரித்தார். "மூணு அமர்வும் செல்லாது. முதல் அமர்விலிருந்து ஆரம்பிக்கறோம். சாயங்காலம் ஆறு, ஏழு ஆகும். சாட்சி வெளிய போய் யார்கிட்டயும் கலந்துட்டு வரக்கூடாது, அதனால முடியற வரைக்கும் ஒருத்தரும் வெளிய போகக்கூடாது. ஒண்ணுக்குப் போறவங்க இப்பவே போயிட்டு வந்துடுங்க." நித்திலாவைப் பார்த்தார். "உங்களுக்கு வேற ஏதாவது வேலை இருக்காம்மா?"

இல்லைங்க சார் என்று வாய் வரை வந்தது. பதினாறு வருடப் பழக்கம்.

"இருக்குங்க. ரெண்டரைக்குப் பரீட்சை. போகலை."

பட்டீஸ்வரன் அதுவரை மேசை விளிம்பை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தார். இப்போது தணிந்த குரலில் கேட்டார்.

"ஏம்மிணி. அண்ணன்னு சொன்னானே, அது?"

"அது அவர் சொல்லலைங்க."

"உடன்பொறந்தவரு மாதிரின்னானே."

"அதுவும் இல்லைங்க."

"மூணு நாள்ல ஒருவாட்டி கூடவா சொல்லலை?"

"ஒருவாட்டி கூட இல்லைங்க."

பட்டீஸ்வரன் சுவரைப் பார்த்தார். "நான் ஊட்டுல போய்ச் சொன்னனே," என்றார்.

நித்திலா அதையும் மாசிலாமணிக்குச் சொன்னாள். கூட்டவுமில்லை, குறைக்கவுமில்லை. மாசிலாமணி ஃபோர்மேன் பக்கம் திரும்பினார். பிறகு அவர் கைகள் எழுந்தன. நித்திலா வாயைத் திறந்தாள்.

"சீட்டுல வெத்தல மடிச்சதையும் ஊட்டுல சொன்னியா?"

பட்டீஸ்வரனின் கழுத்தில் நரம்பு புடைத்தது. "டேய்," என்று நாற்காலியைத் தள்ளினார். "என்ன மசுருக்குடா..."

"இருங்க, இருங்க," என்றார் திருவேங்கடம் ஆசையோடு. "நான் இன்னும் எழுத ஆரம்பிக்கலை. லூர்து!"

வெளியே ஸ்டூலில் இருந்த அட்டெண்டர் லூர்து எட்டிப் பார்த்தார்.

"வெளிப்பக்கம் பூட்டிக்கோ. நான் தட்டினா மட்டும் தொற."

நித்திலா உறையைச் சுருட்டிக் கைப்பைக்குள் திணித்தாள். முகத்திலிருந்த பட்டைகளை ஒவ்வொன்றாகப் பிய்த்தாள். நான்காவது கொஞ்சம் தோலையும் சேர்த்துக்கொண்டு வந்தது. மாசிலாமணிக்கு எதிரே, அவர் தன் கைகளை நன்றாகப் பார்க்கிற மாதிரி நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள்.

அவள் முதுகுக்குப் பின்னால் லூர்து கதவைச் சாத்தினார். தாழ்ப்பாள் இழுபட்டது. பூட்டு விழுந்தது.

மாசிலாமணிக்கு அது கேட்டிருக்காது. கதவைப் பூட்டிவிட்டார்கள் என்று நித்திலா கையால் சொன்னாள்.